கொல்லைத் தோட்டமும் குறைந்த செலவில் நல்லாகாரமும்

பூமியை உழுது பயிரிட்டு நாட்டுக்கெல்லாம் ஆகாரம் அளிக்கும் குடியானவருடைய வீட்டிலேயே உண்ணும் உணவு சத்துக் குறைந்ததாயிருப்பது கிராமங்களில் சாதாரணமாகக் காணப்படும் விஷயமாகும். இது வறுமையால் மட்டும் நேருவதன்று. நிலமும் மாடும் கிணறும் உடைய குடும்பங்களிலும் இக்குறை உண்டு. அதன் காரணத்தை ஆராய்ந்து, அதிகப் பணம் செலவழிக்காமல் அதை நீக்கும் வழியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாலைந்து ஏக்கர் நன்செயும் சிறிது தோட்டக்கால் நிலமும் உடைய ஒரு குடும்பத்தை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். களத்தில் நெல் குவிந்திருக்கிறது. தொழுவத்தில் கறவைப் பசு நிற்கிறது. முற்றத்தில் கோழிகள் மேய்கின்றன. ஆயினும் கறந்த பாலில் காப்பிக்கு வேண்டிய அளவு நீங்கலாக மற்றதெல்லாம் விலைக்குப் போய்விடுகிறது. முட்டைகள் கடைக்குப் போகின்றன. அவற்றை விற்ற காசில் குழந்தைகளுக்குப் பிஸ்கோத்து வருகிறது. தோட்டத்துக் கத்தரிக்காயில் நல்லவை கூடையேறிச் சந்தைக்குச் செல்ல, சொத்தையும் முற்றலும் அடுப்பங்கரைக்கு வருகின்றன. வீட்டார் வாரத்துக்கொருமுறை சந்தைக்குச் சென்று, வேறோர் ஊரில் பறித்து இரண்டு நாள் மூட்டையில் புழுங்கிய காய்களை விலை கொடுத்து வாங்கி வருகின்றனர். அவை நாலு நாளில் தீர்ந்துவிட, மற்ற நாட்களில் புளிக்குழம்பும் ஊறுகாயுமே சோற்றுக்குத் துணையாகின்றன.

விற்றது போக எஞ்சியது வீட்டுக்கு என்னும் இவ்வழக்கமே குறையின் மூலகாரணமாகும். வீட்டுக்கு வேண்டியது போக எஞ்சியது சந்தைக்கு என்று இதைத் திருப்பி அமைத்துக்கொண்டால், செலவு கூடுவதற்குப் பதிலாகக் குறையும்.

சத்துக் குறைவின் விளைவுகள்

வயிறு நிறைய உண்பதும், தேகத்துக்கு வேண்டியவற்றை உண்பதும் ஒன்றல்ல. சோறு உழைப்புக்கு வேண்டிய சக்தியைத் தரும். ஆனால் இரத்தம் ஊறுவதற்கு இரும்புச் சத்தும், எலும்பும் பல்லும் உறுதிப்படச் சுண்ணாம்புச் சத்தும், தசை வளரப் புரதச் சத்தும், கண், தோல், நரம்பு முதலியவை செவ்வையாயிருக்க வைட்டமின்கள் என்னும் ஜீவசத்துக்களும் வேண்டும். இவற்றைச் சோறு ஒன்றே போதிய அளவில் தருவதில்லை.

குழந்தைகளுக்கு 'ஏ' ஜீவசத்துக் குறைந்தால் முதலில் அந்திப் பொழுதில் கண் தெரியாமற்போகும். இதையே மாலைக்கண் என்பர். கவனியாது விட்டால் விழியின் வெண்படலம் வறண்டு, பின்னர்க் கருவிழி புண்ணாகிப் பார்வையே அழிந்துவிடவும் கூடும். இவ்வாறு குழந்தைகள் குருடாவதைத் தடுக்க 1970-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் 'ஏ' ஜீவசத்து மருந்தைக் குழந்தைகளுக்கு அளிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. கொடிய கண்நோய் முன்னைவிட வெகுவாகக் குறைந்துவிட்டது உண்மையே. சோகை நோயோ இன்னும் குறைந்தபாடில்லை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோரும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோரும் இரத்தக் குறைவுடையவர்களாயிருந்தனர். நாற்று நடும் பெண் பிற்பகலில் மூச்சு வாங்கி வரப்பில் உட்காருவதற்கும், பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடத்தில் மனம் செல்லாமல் சோர்ந்திருப்பதற்கும் பல சமயங்களில் இதுவே காரணமாகும்.

குன்னூரில் கண்ட உண்மை

உணவைப் பற்றிய ஆராய்ச்சியில் நீலகிரியிலுள்ள குன்னூருக்கு முக்கியமான இடம் உண்டு. 1918-ஆம் ஆண்டில் ராபர்ட் மக்காரிசன் என்னும் வைத்தியர் அங்கே பெரிபெரி நோயைப் பற்றிய விசாரணையைத் தொடங்கினார். அது வளர்ந்து உணவு ஆராய்ச்சிச் சாலையாயிற்று. 1958-இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இப்போது தேசிய உணவூட்ட நிறுவனம் என்னும் பெயரால் நடைபெற்று வருகிறது.

மக்காரிசன் 1920-களில் ஒரு பரிசோதனை நடத்தினார். இந்தியாவின் பல பிராந்தியங்களில் மக்கள் உண்ணும் உணவை அவர்கள் உண்ணும் முறைப்படியே தயாரித்து, எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி ஆகியவை சேர்ந்த பஞ்சாப் சீக்கியரின் உணவை உண்ட எலிகள் மற்றெல்லாவற்றையும்விட நன்றாக வளர்ந்தன. வரிசையில் கடைசியாக நின்றது சென்னை மாகாணத்து அரிசி உணவை உண்ட கூட்டமாகும். அவ்வுணவில் தீட்டிய அரிசி மிகுதி. பாலும் கீரையும் காயும் மிகக் குறைவு.

இதிலிருந்து அறியவேண்டியது யாதெனில், அரிசியை விட்டுக் கோதுமைக்கு மாறவேண்டும் என்பதன்று. அரிசியுடன் சேரவேண்டியவை சேராதிருப்பதே குறை. அவை பாலும், பருப்பும், பச்சைக் காய்கறியுமே. இவற்றில் குடியானவர் மிகக் குறைந்த செலவில், மிக விரைவில் உண்டாக்கிக்கொள்ளக் கூடியது கீரையும் காயுமாகும்.

வாங்கும் காயும் பறிக்கும் காயும்

கீரையைப் பறித்த நிமிஷத்திலிருந்தே அதன் சத்துக் குறையத் தொடங்குகிறது. முக்கியமாக 'சி' ஜீவசத்து வெயிலிலும் வெப்பத்திலும் விரைவில் அழியும் தன்மையது. காலையில் பறித்து உச்சிவேளைக்குள் சமைத்த கீரைக்கும், இரண்டு நாள் வாடி, ஜலம் தெளித்துத் தெளித்து விற்கப்பட்ட கீரைக்கும் சத்தில் வித்தியாசம் அதிகம். பட்டணத்தில் வசிப்போர் எவ்வளவு பணம் கொடுத்தாலும் பெற முடியாத இப்புதுமையைக் கிராமத்தார் கொல்லைப்புறத்துக் கதவைத் திறந்தால் பெறலாம்.

விலை உயர்ந்தது சத்துள்ளது, தானே முளைப்பது தாழ்ந்தது என்னும் எண்ணமும் தவறானது. நோயாளிக்கென்று தூரதேசத்திலிருந்து வந்த ஆப்பிள் பழத்தை வாங்கிச் செல்வது வழக்கமாயிருக்கிறது. அதில் 100 கிராமில் 'சி' ஜீவசத்து பத்து மில்லிகிராமும் இராது. வேலியோரத்துக் கொய்யாப் பழத்தில் அதே எடையில் ஏறக்குறைய 200 மில்லிகிராம் இருக்கிறது. 100 கிராம் பசும்பாலில் சுண்ணாம்புச் சத்து ஏறக்குறைய 120 மில்லிகிராம். முருங்கைக் கீரையில் 300 மில்லிகிராமுக்குக் குறைவதில்லை. கேழ்வரகிலும் அவ்வளவு உண்டு. அரிசியிலோ பத்து மில்லிகிராம் அளவே உள்ளது. கரும்பச்சைக் கீரைகளிலும், பப்பாளி, பரங்கி, மாம்பழம் போன்ற மஞ்சள் நிறப் பொருள்களிலும் தேகத்தினுள் 'ஏ' ஜீவசத்தாக மாறக்கூடிய கரோட்டின் என்னும் பொருள் மிகுந்திருக்கிறது.

ஒரு சென்டு நிலத்தின் கணக்கு

தேசிய உணவூட்ட நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி நூலின்படி, வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குக் கீரை உட்பட 400 கிராம் காய்கறியும் 100 கிராம் பழமும் வேண்டும். ஐந்து பேருள்ள குடும்பத்துக்கு இது சுமார் இரண்டு கிலோ காய்கறியாகும். இதை முழுவதும் விலைக்கு வாங்குவது எளிதன்று. நாள் ஒன்றுக்கு 40 ரூபாய் மட்டும் செலவழித்தாலும் ஆண்டுக்கு 14,600 ரூபாய் ஆகிறது.

இனி நிலத்தின் கணக்கைப் பார்க்கலாம். ஒரு சென்டு என்பது ஏக்கரில் நூற்றில் ஒரு பங்கு. ஏறக்குறைய 40 சதுர மீட்டர். ஏக்கருக்கு 2,400 கிலோ நெல் விளையும் வயலில் ஒரு சென்டின் பங்கு 24 கிலோ நெல். அந்த அளவு நிலத்தைக் கொல்லையில் ஒதுக்கி, அதில் 12 சதுர மீட்டரைக் கீரைப் பாத்திகளுக்கு விட்டால், சதுர மீட்டர் ஒன்றுக்கு ஓர் ஈட்டில் முக்கால் கிலோ வீதம் மாதந்தோறும் ஒன்பது கிலோ கீரை கிடைக்கும். மற்றோர் 12 சதுர மீட்டரில் கத்தரி, வெண்டை, தக்காளி, மிளகாய் பயிராகும். வேலியில் கொடிகளும், ஓரத்தில் மரங்களும் நிற்கும். எல்லாம் சேர்ந்து மேற்சொன்ன இரண்டு கிலோ தேவையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை அந்த ஒரு சென்டே அளித்துவிடும். இரண்டு மூன்று சென்டு ஒதுக்க வசதியுள்ளோர் தேவையில் பெரும் பங்கைத் தாமே உண்டாக்கிக்கொள்ளலாம்.

தோட்டத்தை அமைக்கும் விதம்

வீட்டுக்கும் கிணற்றுக்கும் அருகில், நாளில் ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடமே ஏற்றது. எட்டு மீட்டர் நீளமும் ஐந்து மீட்டர் அகலமும் இருந்தால் ஒரு சென்டாகும். ஆடும் கோழியும் புகாதபடி முதலில் வேலியிடவேண்டும். வேலியில்லாத தோட்டத்தில் விதைப்பது ஆட்டுக்கு விதைப்பதேயாகும். கிளுவைப் போத்துக்களை நெருக்கமாக நட்டு, இடையில் முள் அடைத்தால் செலவில்லாமல் வேலி அமையும்.

முருங்கை, பப்பாளி, கறிவேப்பிலை முதலிய மரங்களை வடபுறத்து ஓரத்தில் நடுதல் நலம். அவற்றின் நிழல் பாத்திகளின் மேல் விழாது. எருக்குழியையும் அந்நிழலிலேயே வெட்டலாம். பாத்தியின் அகலம் ஒரு மீட்டருக்கு மேற்படலாகாது. அப்போதுதான் உள்ளே மிதிக்காமல் இருபுறமும் நின்று களை எடுக்கவும் பறிக்கவும் முடியும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை தேங்கும் இடமாயிருந்தால் பாத்திகளை ஒரு சாண் உயரம் மேடாக அமைப்பது அவசியம்.

தவணை தவணையாக விதைத்தல்

கொல்லைத் தோட்டம் தொடங்கிய பலர் இரண்டு மாதத்தில் அதைக் கைவிடுவதற்குக் காரணம், எல்லாப் பாத்திகளிலும் ஒரே நாளில் விதைத்துவிடுவதேயாகும். அப்படிச் செய்தால் ஒரே வாரத்தில் தின்ன முடியாத அளவு கீரை வந்து முற்றிப் பாழாகும். பின்னர் ஒரு மாதம் ஒன்றும் இராது. சந்தைக்கு விளைவிப்பது வேறு, வீட்டுக்கு விளைவிப்பது வேறு என்பதை மறக்கலாகாது.

கீரைக்கு ஒதுக்கிய 12 சதுர மீட்டரை இரண்டு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள ஆறு பாத்திகளாகப் பிரிக்கவேண்டும். முதற் பாத்தியில் முளைக்கீரை விதைத்து, ஐந்து நாள் கழித்து இரண்டாவதிலும், மேலும் ஐந்து நாள் கழித்து மூன்றாவதிலும் இவ்விதமாக விதைத்துவந்தால், ஆறாவது பாத்தியில் விதைக்கும் நாளில் முதற் பாத்தி பறிப்புக்கு வந்துவிடும். அதைப் பிடுங்கி, எருவிட்டுக் கொத்தி மறுபடியும் விதைக்கலாம். முளைக்கீரை 25 முதல் 30 நாட்களில் பறிப்புக்கு வருவதால் இக்கணக்குப் பொருந்துகிறது. ஒவ்வொரு பாத்தியும் ஒன்றரைக் கிலோ வீதம் தரும். அது ஐந்து நாளில் மூன்று வேளைக்குப் போதும்.

கீரை விதை மிக நுண்ணியது. ஒரு பாத்திக்கு ஒரு கிராமுக்கும் குறைவான விதையே வேண்டும். அதைப் பத்து மடங்கு மணலுடன் கலந்து தூவி, மெல்லிய மண்ணால் மூடி, பூவாளியால் ஜலம் தெளிக்கவேண்டும். எறும்பு விதையைக் கொண்டுபோகாதபடி பாத்தியைச் சுற்றிச் சாம்பல் தூவுவது வழக்கம்.

ஒரே கீரையை நாள்தோறும் உண்டால் வீட்டார் சலிப்படைவர். ஆகையால் ஒரு பாத்தியில் அரைக்கீரை இருக்கட்டும். அதைக் கிள்ளக் கிள்ள மறுபடியும் துளிர்க்கும். ஈரமுள்ள சால் ஓரத்தில் பொன்னாங்கண்ணித் தண்டுகளை நடலாம். பசலைக் கொடியை வேலியில் ஏற்றலாம். மணத்தக்காளி ஓரிரண்டு செடி இருந்தால் கீரையும் வற்றலும் ஆகும்.

காய்ச் செடிகளில் வெண்டையை நேரே ஊன்றலாம். 45 நாளில் காய்க்கத் தொடங்கும். கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியவற்றைச் சிறு நாற்றங்காலில் வளர்த்து, கத்தரியையும் மிளகாயையும் ஐந்து வாரத்திலும் தக்காளியை அதற்குச் சற்று முன்னரும் பறித்து நடவேண்டும். மூன்று சதுர மீட்டர் பாத்தியில் இரண்டடி இடைவெளியில் எட்டுக் கத்தரிச் செடிகள் நிற்கும். இவை குடும்பத்துக்கு மாதக் கணக்கில் காய் தரும். 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்னும் பழமொழி கொல்லைக்கும் பொருந்தும். அவரை, புடல், பீர்க்கு, பாகல், சுரை ஆகியவற்றை ஆடியில் ஊன்றிப் பந்தலிலும் வேலியிலும் கூரையிலும் ஏற்றிவிட்டால் தரையில் இடம் பிடிக்காமல் காய்க்கும். அவரை மார்கழி, தை மாதங்களில் பந்தல் நிறையக் காய்க்கும்.

நிலைத்து நிற்கும் மரங்கள்

கொல்லையில் ஒரு முருங்கை மரமில்லாத குடும்பம் தனக்குத்தானே நஷ்டம் விளைவித்துக்கொள்கிறது. வீட்டருகே முருங்கை ஆகாது என்று சிலர் கூறுவர். அதன் கிளை எளிதில் முறிந்து கூரைமேல் விழும் என்பதும், மழைக்காலத்தில் கம்பளிப் பூச்சி அடையும் என்பதுமே அவ்வச்சத்துக்குக் காரணங்களாம். சுவரிலிருந்து நாலைந்து மீட்டர் தள்ளி நட்டு, ஆண்டுதோறும் இடுப்புயரத்தில் வெட்டி விட்டால் இவ்விரண்டு தொல்லையும் இல்லை. துளிரும் கைக்கெட்டும் உயரத்தில் வரும். நாலடிப் போத்தை நட்டும் வளர்க்கலாம். விதை மூலம் பயிராகும் செடிமுருங்கையில் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்.-1 என்னும் வகை ஆறு மாதத்தில் காய்க்கும்.

பப்பாளி பத்து மாதத்தில் பழம் தரும். ஒரு குழிக்கு மூன்று நாற்று வீதம் நட்டு, பூத்தபின் ஆண் மரங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கவேண்டும். குளிக்கும் ஜலம் பாயுமிடத்தில் இரண்டு வாழைக் கட்டைகள் வைத்தால் பழம், பூ, தண்டு, காய், இலை ஆகிய ஐந்தும் கிடைக்கும். எலுமிச்சை, கொய்யா, கறிவேப்பிலை ஒவ்வொன்று போதும்.

ஜலமும் எருவும்

கீரைக்கும் காய்க்குமாகப் பயிராகும் 24 சதுர மீட்டருக்கு, மழையில்லாத காலத்தில் சதுர மீட்டருக்கு ஐந்து லிட்டர் வீதம் நாளொன்றுக்கு 120 லிட்டர் வேண்டும். இது எட்டு முதல் பத்துக் குடம் ஜலம். அரிசி களைந்த ஜலமும் காய்கறி கழுவிய ஜலமும் இதில் ஒரு பங்குக்கு ஆகும். சவுக்காரம் கலந்த ஜலத்தை வாழைக்கும் தென்னைக்கும் விட்டுக் கீரைப் பாத்திக்கு விடாதிருத்தல் நலம். கக்கூசுக் கழிவு எதையும் தோட்டத்தில் விடவே கூடாது.

சித்திரை, வைகாசியில் கிணறு வற்றும் ஊர்களில் ஆறு பாத்திகளையும் காப்பாற்ற முயல்வது வீண் பிரயாசை. இரண்டு பாத்திகளுக்கு மட்டும் ஓலை நிழலிட்டுக் காப்பாற்றி, மற்றவற்றைச் சருகால் மூடி வைக்கலாம். அக்காலத்தில் முருங்கை கைகொடுக்கும். தையிலும் மாசியிலும் காய் மிகுந்தபோது போட்டு வைத்த கொத்தவரை வற்றலும் சுண்டை வற்றலும் துணை செய்யும்.

எருவுக்குப் பணம் செலவிட அவசியமில்லை. மாட்டுச் சாணம், இலைச் சருகு, அடுப்புச் சாம்பல், காய்கறித் தோல் ஆகியவற்றை ஒரு குழியில் அடுக்கடுக்காக இட்டு ஈரமாக வைத்திருந்தால் மூன்று நாலு மாதத்தில் மட்கிய எரு ஆகும். பச்சைச் சாணத்தை அப்படியே பாத்தியில் இடுவது புழுவுக்கும் நோய்க்கும் இடமளிக்கும்.

வயலில் தெளிக்கும் விஷ மருந்துகளைக் கொல்லையில் தெளிக்கலாகாது. இன்று தெளித்து நாளை பறிக்கும் கீரையில் விஷம் தங்கியிருக்கும். அதை உண்பது தன் குழந்தைகளே என்பதைக் குடியானவர் நினைவில் வைக்கவேண்டும். வயலுக்கு உபயோகித்த தெளிப்பான், டப்பா முதலியவற்றையும் இங்கே உபயோகிக்கக் கூடாது. 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லிட்டர் ஜலத்தில் ஓரிரவு ஊறவைத்து, வடிகட்டி, சிறிது சவுக்காரம் கரைத்து மாலையில் தெளித்தால் அசுவினி, இலைப்புழு முதலியவை அடங்கும். சொத்தைக் காய்களை அன்றன்று பறித்து அழிப்பதும் நல்ல பலன் தரும்.

அடுப்பங்கரையில் கவனிக்கவேண்டியவை

தோட்டத்தில் உண்டாக்கிய சத்தை அடுப்பங்கரையில் வீணாக்காதிருப்பதும் சிக்கனமே. கீரையை முதலில் கழுவிப் பின்னர் நறுக்கவேண்டும்; நறுக்கியபின் கழுவினால் சத்து ஜலத்தோடு போய்விடும். குறைந்த ஜலத்தில், மூடி வைத்து, வெந்தவுடன் இறக்கவேண்டும். வெந்த ஜலத்தைக் கொட்டாமல் ரசத்திலோ குழம்பிலோ சேர்க்கலாம். பச்சை நிறத்துக்காகச் சோடா உப்பு இடும் வழக்கம் 'பி', 'சி' ஜீவசத்துக்களை அழிக்கும். கரோட்டின் தேகத்தில் சேர எண்ணெய்ப் பசை வேண்டுமாகையால், கீரையில் சிறிது நல்லெண்ணெயோ தேங்காயோ சேர்ப்பது வீண் செலவன்று.

கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்புச் சத்து எளிதில் இரத்தத்தில் சேர்வதில்லை. அத்துடன் எலுமிச்சை, நெல்லி, கொய்யா ஆகியவற்றில் ஒன்றை உண்டால் அதிகம் சேரும். சாப்பாட்டோடு தேநீரோ காப்பியோ அருந்தினால் குறைந்துபோகும். ஒரு மணி நேரம் கழித்து அருந்துதல் நலம். முன்னரே சோகை முற்றியவர்களுக்குக் கீரை மட்டும் போதாது. அவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தத்தைச் சோதித்து, இரும்புச் சத்து மாத்திரைகளை உட்கொள்ளவேண்டும். கர்ப்பஸ்திரீகள் விஷயத்தில் இதை ஒருபோதும் அலட்சியம் செய்யலாகாது.

அரிசியைப் பளபளவென்று தீட்டுவதால் அதன் மேற்புறத்திலுள்ள 'பி' ஜீவசத்துத் தவிட்டோடு போய்விடுகிறது. நெல்லைப் புழுக்கும்போது அச்சத்து அரிசியின் உள்ளே இறங்குவதால், புழுங்கலரிசியில் அது ஓரளவு தங்குகிறது. சொந்த நெல்லை அரைவைக்குக் கொண்டுபோகும் குடியானவர், அதிகம் தீட்டாமல் நிறுத்தச் சொல்வது அவர் கையிலேயே இருக்கிறது. அரிசியைப் பலமுறை களைவதும், வடித்த கஞ்சியைக் கொட்டுவதும் சத்தைக் கொட்டுவதேயாகும். வாரத்தில் சில வேளைகளுக்குக் கேழ்வரகும் கம்பும் திரும்பி வருமாயின் மிகவும் நல்லது.

விற்பதும் நிறுத்திக்கொள்வதும்

பணம் வேண்டியிருக்கும்போது விற்காமல் எப்படி இருப்பது என்று கேட்பது நியாயமே. எல்லாவற்றையும் வீட்டிலேயே வைத்துக்கொள்ளவேண்டுவதில்லை. சிறு குழந்தை ஒவ்வொன்றுக்கும் ஒரு டம்ளர் பாலும், வாரத்தில் மூன்று நாலு முட்டையும் முதலில் எடுத்து வைத்து, மீதியை விற்கட்டும். தட்டைப்பயறு, பாசிப்பயறு, கொள்ளு, நிலக்கடலை விளைகிற வீடுகளில் ஓராண்டுக்கு வேண்டியதை அறுவடையிலேயே அளந்து குதிரில் போட்டபின் வியாபாரியை அழைக்கட்டும். அறுவடையில் மலிவாக விற்று, ஆறு மாதம் கழித்து அதையே கடையில் அதிக விலைக்கு வாங்குவது எவ்விதத்திலும் லாபமன்று. சோற்றோடு பயறு சேரும்போது ஒன்றிலுள்ள புரதக் குறையை மற்றொன்று நிரப்பும். ஊறவைத்து முளைகட்டிய பாசிப்பயற்றில் 'சி' ஜீவசத்தும் உண்டாகிறது.

வீட்டுக் கணக்கில் ஒரு மாதம் வாங்கிய காய்கறி, பிஸ்கோத்து, பொட்டலப் பண்டங்கள், ஊறுகாய் ஆகியவற்றின் செலவை ஒரு புறமும், விற்ற பால், முட்டை, காய் ஆகியவற்றின் வரவை மறு புறமும் எழுதிப் பார்த்தால், வந்ததில் எவ்வளவு மறுபடியும் கடைக்கே போயிற்று என்பது விளங்கும். குடும்பத் தலைவர் இக்கணக்கைத் தனியே பாராமல், வீட்டுப் பெண்களையும் வைத்துக்கொண்டு பார்ப்பது அவசியம். பானையில் என்ன வேகிறது என்பதையும், கடைசியாக உண்பவருக்கு என்ன மிஞ்சுகிறது என்பதையும் அறிந்தவர்கள் அவர்களே. எல்லோருக்கும் பரிமாறியபின் எஞ்சியதை உண்பது பெண்களின் வழக்கமாயிருக்கும் வீட்டில், தோட்டம் எவ்வளவு விளைந்தாலும் அவர்களுடைய சோகை தீராது.

கிராம உத்தியோகஸ்தர்கள் செய்யக் கூடியவை

ஒரு வீட்டில் தொடங்கியது ஊரெங்கும் பரவ, ஊராட்சித் தலைவரும் கிராம நிர்வாக அலுவலரும் ஆசிரியர்களும் உதவக்கூடும். கீரை, காய் விதைகளை வீட்டுக்கு ஒரு பொட்டலமாகக் கடையில் வாங்குவதைவிட, ஊராருக்காகச் சேர்த்துத் தோட்டக்கலைத் துறை மூலம் தருவித்து ஆடி மாதத்துக்கு முன்னரே பங்கிடலாம். நல்ல செடி ஒன்றைக் காய் பறிக்காமல் விதைக்கென்று விடும் வழக்கத்தை ஊக்குவித்தால், மறு ஆண்டில் முளைக்கீரை, அவரை, சுரை ஆகியவற்றின் விதை ஊரிலேயே கிடைக்கும்.

பொதுக் கிணற்றிலும் குழாயடியிலும் வீணாக ஓடிச் சேறாகும் ஜலத்தை ஒரு சாலின் வழியே திருப்பி, வாழையும் பப்பாளியும் வைக்கலாம். பள்ளிக்கூடத்திலும் அங்கன்வாடியிலும் நாலு முருங்கை மரங்களும் இரண்டு கீரைப் பாத்திகளும் இருந்தால், 1982-ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் சத்துணவில் புதுக்கீரை சேரும். பிள்ளைகளும் விதைக்கவும் பறிக்கவும் கற்பர். நிலமில்லாதவர்களின் வீட்டோரத்தில் ஒரு முருங்கைப் போத்து நடுவதற்கும், கூரையில் ஒரு சுரைக்கொடி ஏற்றுவதற்கும் நிலமுள்ளோர் போத்தும் விதையும் எருவும் கொடுத்து உதவுதல் தகும்.

எல்லா வேலையையும் ஒரேயடியாகத் தொடங்குவது அவசியமில்லை. ஒரு முருங்கைப் போத்தும், இரண்டு கீரைப் பாத்திகளும், வேலியில் ஓர் அவரைக் கொடியும் போதும். முதற் பாத்தியிலிருந்து பறித்த கீரை ஒரு மாதத்தில் இலையில் விழும். அதன்பின் அடுத்த பாத்தியில் விதைக்கும்படி வீட்டாரை யாரும் தூண்டவேண்டிய அவசியம் இராது.